மேலே மிச்சமிருந்த ஓட்டை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. செவ்வாய்க்கிழமை மாலை காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் சவுக்குக் கம்பங்கள் நட்டு, அமிர்தவல்லி அக்காவின் வலையை முதன்முறையாகத் தூக்கிக் கட்டினோம்.

2. புதன் விடியலில் அக்காவின் அப்பா காத்தமுத்து தூக்கத்திலேயே இறந்துபோனார்.

3. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று எந்தப் படகும் கடலுக்குப் போகாது. அன்றும் போகவில்லை.

4. வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருந்த ஆண்கள், சாவு வீட்டு வலை ஓட்டை ஓட்டையாகத் தொங்குவதைப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நாளில் அந்த வீட்டுப் படகையும் வலையையும் மற்றவர்கள் கவனித்துக்கொள்வது அங்கே வழக்கம்.

5. மாலைக்குள் எல்லா ஓட்டைகளையும் பின்னி மூடிவிட்டார்கள்.

6. அந்த ஓட்டைகள்தான் அக்காவின் ஒன்றரை வருட வேலை. அவற்றைப் பார்க்க டில்லியிலிருந்து ஒருவர் ஏற்கெனவே ரயில் ஏறியிருந்தார்.

ஐந்தாவதில் ‘எல்லா’ என்று எழுதியது சரியில்லை. ஒன்று மிச்சமிருந்தது. இந்த வாரம் அதைப் பற்றி.

வியாழன் காலை

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு அக்கா வீட்டின் பின்பக்கமாக வெளியே வந்தார். தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரம் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் டவுனிலிருந்து அப்போதுதான் வந்து ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தேன். முந்தின நாள் முழுக்க வீட்டுக்குள் பெண்களோடு இருந்ததில் இருவருமே கடற்கரைப் பக்கம் போகவில்லை.

கம்பங்கள் நான் நட்ட இடத்தில் நேராக நின்றன. வலையும் தொங்கியது. ஆனால் அது வேறு வலை போலிருந்தது.

அது பொடிக்கண் வலை, கண்கள் மிகச் சிறியவை. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைத் துணி மாதிரி கடலை மங்கலாக்கிவிடும். செவ்வாய் மாலை அந்த மங்கலுக்குள் ஓட்டைகள் வழியே மட்டும் கடல் பளிச்சென்று தெரிந்தது. கதவு அளவுக்குக் கடல், பெட்டி அளவுக்குக் கடல். இப்போது முழுவதும் ஒரே மங்கல். பழைய நூல் வெளுத்திருந்தது, புதிய நூல் கரும்பச்சை. ஓரிடத்தில் நூல் தீர்ந்துபோய் நீலம் போட்டிருந்தார்கள்.

அக்காவின் சித்தப்பா கோவிந்தன் மணலில் கால் புதைய வந்தார். அழுது சிவந்த கண். ஆனாலும் குரலில் ஒரு நிறைவு இருந்தது.

“பாத்துக்க அமிர்தம். ஒரு கண்ணு பெருசில்ல, ஒரு கண்ணு சிறுசில்ல. அண்ணனுக்கு நாங்க வேற என்னா செய்ய முடியும், சொல்லு.”

அக்கா தலையசைத்தார்.

“ஆனா ஒண்ணு மட்டும் புரியல. சதுரம் சதுரமா கிழிக்கிற மீன நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல.”

பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “பீரோ மீனா இருக்கும் மாமா. ரெண்டு கதவு வச்சிருக்கும்.”

“சும்மா இருடா. சாவு வீட்ல நின்னுகிட்டு.”

சித்தப்பா காட்டிய ஓட்டை உண்மையிலேயே ஒரு பீரோவின் அளவு. அது அவர்களுக்குத் தெரியாது. அக்கா அதன் முன்னால் போய் நின்று உள்ளங்கையை முடிச்சுகளின் மேல் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பங்களைப் பார்த்தேன்.

பாடப்புத்தகத்தில் வேறு அத்தியாயம்

இந்த இடத்தில் அக்கா யார் என்று சொல்லிவிட வேண்டும். போன வாரங்களில் என் பாலிடெக்னிக் நாட்களையும் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்ததையும் எழுதியிருந்தேன். அக்காவைச் சந்தித்தது அதற்கு அடுத்த மழைக்காலம்.

கோட்டுச்சேரி போகிற சாலையில் மூடிக்கிடந்த பழைய ஐஸ் கிடங்கு ஒன்றை யாரோ ஓவியருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுவர் ஊறுகிறது, இடிந்து விழுமா என்று பார்த்துச் சொல்லும்படி கட்டட உரிமையாளர் என்னை அனுப்பினார்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க உப்புப் பூத்திருந்தது. நான் டேப்பை எடுத்து அளந்தேன். பூச்சைத் தட்டுவது, ஈரத்தடுப்புப் போடுவது, மறுபடி பூசுவது என்று மனதுக்குள் வரிசை ஓடியது. எவ்வளவு ஆழம் என்று பார்க்க விரல் நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினேன்.

“சொரண்டாதீங்க! மூணு மாசமா வளக்கறேன்.”

“எத?”

“உப்பத்தான்.”

கிடங்கின் மூலையில் ஒரு பெண் கையில் கடல்நீர்ப் போணியுடன் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். தினமும் சுவரின் அடியில் மட்டும் கடல்நீர் ஊற்றுவாராம், உப்பு தானாக மேலே ஏறுமாம். ஏறக்கூடாத இடங்களில் முன்கூட்டியே மெழுகு தேய்த்து வைத்திருந்தார். அதனால் உப்பு நின்ற இடமும் நிற்காத இடமும் சேர்ந்து, ஒரு மிகப் பெரிய அலை வந்து வடிந்துபோன கரை போல் சுவரில் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல். வெண்மையாக, பஞ்சு மாதிரி, மூச்சு பட்டால் உதிரும்போல.

கல்லிலும் செங்கல்லிலும் நீர் எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். கணக்குப் போடவும் தெரியும். எங்கள் பாடப்புத்தகத்தில் அது ‘குறைபாடுகள்’ என்ற அத்தியாயத்தில் இருந்தது. அதன் முன்னால் இப்படி வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. இருட்டும்வரை நின்றேன்.

சுவர் விழாது என்று உரிமையாளருக்கு எழுதிக்கொடுத்தேன். அது உண்மையும்தான்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: “ஒங்களுக்கு வரையத் தெரியுமா?”

“படமெல்லாம் தெரியாது. கம்ப்யூட்டர்ல பிளான் போடுவேன்.”

“அது போதும்.”

ஐஸ் கட்டியும் காலிக் கூடையும்

அவருடைய பழைய வேலைகளைப் பற்றிக் கிடங்குக்கு வருகிறவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரே சொன்னது குறைவு.

சென்னை ஓவியக் கல்லூரியில் கடைசி வருடத் தேர்வுக்கு எல்லோரும் துணியில் வரைந்து மாட்டியிருக்க, இவர் ஒரு மீன் பெட்டியில் ஐஸ் கட்டியை வைத்தார். தேர்வாளர்கள் மாலையில் வந்தார்கள். தரை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். தேறவில்லை. அடுத்த வருடமும் அதையே வைத்தார். “அப்ப மட்டும் எப்படிக்கா பாஸ் போட்டாங்க?” என்று கேட்டேன். “காலைலயே வரச் சொல்லிட்டேன்” என்றார்.

அப்புறம் டில்லியில் பல வருடங்கள். வயிற்றுப்பாட்டுக்குத் துணிக்கடைக்கு டிசைன் போட்டார். மிச்ச நேரத்தில், விற்க முடியாத எதையாவது செய்துகொண்டிருந்தார். ஒன்று உருகும், ஒன்று உதிரும், ஒன்றை யாராவது குப்பை என்று கூட்டிவிடுவார்கள். பத்திரிகைகளில் அவரைத் திட்டி எழுதியவர்களும் உண்டு. ஓரிரண்டு பேர் அவருடைய ஒவ்வொரு வேலையையும் தேடி வந்து பார்த்தார்கள். டில்லிக்காரர் என்று நான் சொல்லும் மனிதர் அவர்களில் ஒருவர்.

சுனாமிக்குப் பிறகு அக்கா ஊர் திரும்பினார். அம்மா அதில் போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. அப்பாவும் தம்பியும் படகைத் துறைமுகத்துப் பக்கம் கொண்டு போயிருந்ததால் தப்பித்தார்கள்.

திரும்பி வந்த பிறகு அவர் செய்த முதல் வேலை, மீன் ஏலத்தில் ஒரு காலிக் கூடையை வைத்ததுதான். கூடைகள் வரிசையாக இருக்க, ஏலக்காரர் ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டே வந்து அதன் முன்னால் நின்றார்.

“என்னா இருக்கு இதுல?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு என்னா வெல வைக்கிறது?”

“கேட்டுப் பாருங்க, வாங்குறாங்களான்னு.”

பழக்கத்தில் அவர் கூவிவிட்டார். மீன்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றிவிட்டார்கள். ஒருவர் எடுத்தும்விட்டார். எடுத்தவர் மறுநாள் கூடையோடு வந்து, “நேத்து வாங்குனது கெட்டுப் போச்சு, மாத்திக் குடு” என்று சண்டை பிடித்தார். அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, முகர்ந்து, “ஆமா” என்று ஒத்துக்கொண்டார்.

இதையெல்லாம் ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், அக்காவின் அப்பா காத்தமுத்து பெரியப்பாவைத்தான் சொல்ல வேண்டும். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது விசாரித்தால் அவர் அசராமல் பதில் சொல்வார்: “சொவத்துக்கு உப்பு போடுது. கொழம்புக்கு மறந்துருது.”

நீளம், அகலம்

வலை காத்தமுத்து பெரியப்பாவுடையது. பழையது, ஆனால் உறுதியானது. அதைக் கிடங்கில் விரித்துப்போட்டு, சுனாமியன்று காலை கடல் அவர்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன ஒவ்வொரு பொருளுக்கும் அதன் நீள அகலத்தில் ஒரு செவ்வகம் வெட்டினார் அக்கா. உருவம் கிடையாது, அளவு மட்டும். அடுப்படிக் கதவு. பீரோ. தையல் மெஷின். தம்பியின் சைக்கிள். டிவி. அரிசி டிரம். ஒவ்வொரு கண்ணாக எண்ணி, பக்கத்துக் கண் பிரிந்துவிடாமல் விளிம்பை முடிந்து, பிறகு அடுத்தது. சில நாட்களில் ஒரு சாண்கூட நகராது.

கண்காட்சிக் கூடத்தில் எப்படி மாட்டுவது, எங்கே எவ்வளவு எடை விழும் என்று கணக்கிடுவது என் வேலை. ஒவ்வொரு ஓட்டையையும் அளந்து பிளான் போட்டு, பெயர் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மேல் ஓரத்தில் ஒன்றுக்கு மட்டும் பெயர் போட வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார்.

பெரியப்பா ஒருநாள் கிடங்குக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பிளானைப் பார்த்தார். “இது கதவு. இது பீரோ, சாவி இன்னும் எங்கிட்டதான் கெடக்கு.” விரல் மேலே போனது. பெயரில்லாத செவ்வகத்தில் நின்றது. குறுகலாக, நீளமாக இருந்தது. அடியில் நான் எழுதியிருந்த அளவைப் படித்தார். பிறகு கையைத் தன் தோளுக்குச் சற்றுக் கீழே வைத்துக் காட்டினார்.

“அவ எனக்கு இங்கதான் வருவா.”

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.  பெரியப்பாதான் முதலில் சமாளித்தார்.

“ஏம்மா இஞ்சினீரு, கிழிஞ்ச வலைய பாக்க டில்லிலேர்ந்து ஆளு வருதாமே? எங்கிட்ட சொல்லியிருந்தா முப்பது வருசமா நானே காட்டியிருப்பேனே.”

அந்த ஆள் வருவது சாதாரண விஷயமில்லை. ஐரோப்பாவில் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு அவர் வேலைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கூடம் முழுவதும் அக்காவுக்கு மட்டும். ஆறு மாதம் அங்கேயே தங்கி வேலை செய்ய ஏற்பாடு. இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவருக்கு அப்படி அழைப்பு வந்ததில்லை. டில்லிக்காரர் புகைப்படங்களைப் பார்த்துவிட்டார், நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் முடிவு. அதற்காகத்தான் கடற்கரையில் தூக்கிக் கட்டினோம்.

நான் சொன்ன யோசனை

வியாழன் காலைக்கு வருகிறேன். சித்தப்பாவும் மற்றவர்களும் டீ குடிக்கப் போன பிறகு என் யோசனையைச் சொன்னேன். பிளான் கையில் இருக்கிறது. புது நூலின் நிறமே வேறு, அதனால் எல்லை தெளிவாகத் தெரிகிறது. கிடங்கில் உதவிக்கு வருகிற ஆட்களைக் கூப்பிட்டால் டில்லிக்காரர் வருவதற்குள் பெரிய ஓட்டைகளையாவது திரும்ப வெட்டிவிடலாம்.

அக்கா ஒரு முடிச்சை விரலால் நிமிண்டிக் காட்டினார்.

“இது யாரு போட்டது தெரியுமா? சித்தப்பா. எப்பவும் ஒரு சுத்து அதிகமா சுத்துவாரு.” நான்கடி தள்ளிப்போனார். “இது கோயில் தெரு ஆளுங்க. எங்கப்பாவுக்கும் அவங்களுக்கும் பேச்சே கெடையாது, படகு தகராறு. வந்து உக்காந்து போட்டுருக்காங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “இப்ப நான் போயி கத்தரிக்கோல எடுத்துகிட்டு வரவா ஸ்டெல்லா?”

 அப்போதுதான் மேலே பார்த்தேன்.

பெயரில்லாத ஓட்டை அப்படியே இருந்தது. டிரம் போட்டு ஏறியும் அவர்களுக்கு எட்டவில்லை. வலையை இறக்கலாம் என்றால், நான் கம்பிக்கயிற்றில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தேன், அதைக் கழற்ற ஸ்பானர் வேண்டும். மங்கலான பச்சைக்கு நடுவே, உயரத்தில், ஒரு ஆள் அளவுக்கு வானம்.

“அக்கா, அது ஒண்ணு போதும்க்கா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மற்ற எல்லாம் மூடி, அது ஒன்று மட்டும் திறந்திருப்பது முன்பைவிடப் பெரிதாக இருந்தது. யார் பார்த்தாலும் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். எனக்கே அது புரிந்தது என்றால் டில்லிக்காரருக்கு எப்படிப் புரியாமல் போகும்?

அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். ஒத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

ஏணி

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது ஏணி சாத்தியிருந்தது. அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சித்தப்பாவிடம் வலை ஊசி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு எதுக்கு? இரு, நான் பையனுவள ஏறச் சொல்றேன்.”

“நாந்தான் போடணும் சித்தப்பா.”

“பொம்பளப் புள்ள, சாவு வீட்டுக்காரி, ஏணில ஏறுறியாக்கும். ஊரு என்னா சொல்லும்?”

“ஊருதான் மிச்சத்த போட்டுருச்சே. இது ஒண்ணு எனக்கு.”

“ஊசி புடிக்கத் தெரியுமா மொதல்ல?”

“பாத்திருக்கேன்.”

சித்தப்பா ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்தார். ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மறுபக்கம் பிடித்தேன். 

அடியிலிருந்து தொடங்கினார். வெட்டிப் பழகிய கை, பின்னிப் பழகவில்லை. முதல் வரிசைக்கே நிறைய நேரம் ஆனது. சித்தப்பா கீழிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கண்ணு பெருசாவுது அமிர்தம். சாளையெல்லாம் அது வழியா போயிரும்.”

“போவட்டும்.”

பத்து மணி வாக்கில் டில்லிக்காரர் வந்தார். கையில் நான் அனுப்பியிருந்த பிளானின் நகல். வலையைப் பார்த்தார், பிளானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். சாவு, கடலுக்குப் போகாத நாள், ஊர், நூல்.  அவர் மேலே காட்டி, அக்கா அங்கே என்ன செய்கிறார் என்றார். கடைசி ஓட்டையை மூடுகிறார் என்றேன். நிறுத்தச் சொல்ல முடியுமா என்றார். முடியாது என்றேன்.

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். கேமராவை மடியில் வைத்திருந்தார், எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. சாவுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள், நூல் கொடுத்தவர்கள், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண்கள் என்று கூட்டம் சேர்ந்தது. முதலில் கேலி இருந்தது, அப்புறம் ஒவ்வொருவராக அமைதியானார்கள். ஓட்டை கீழிருந்து மேலாகக் குறைந்துகொண்டே வந்தது. இடுப்பளவு. நெஞ்சளவு. தோளுக்கு வந்தபோது அக்கா கையை நிறுத்திவிட்டு ஏணியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். சித்தப்பா “தண்ணி வேணுமா?” என்றார். அக்கா தலையாட்டி மறுத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

கடைசியில் ஒரு முகம் அளவு வானம் மிச்சமிருந்தது. அதுவும் கண் கண்ணாக மங்கியது. நூலைப் பல்லால் கடித்தார். அவ்வளவுதான்.

வலை முழுவதும் ஒரே சீராகக் காற்றில் உப்பித் தளர்ந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. மீன்காரப் பெண் ஒருவர் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.  இவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அது நடந்து முடிந்தபோது அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

அவர் கேட்டதும் அக்கா சொன்னதும்

டில்லிக்காரரின் கண் சிவந்திருந்தது. நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். அக்கா இறங்கி வந்ததும் டில்லிக்காரர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கூடம் உங்களுக்குத்தான், வலையை அங்கே கொண்டு வாருங்கள், அந்த ஒரு இடத்தை மட்டும் திறந்து வைப்போம், தினமும் மக்கள் முன்னால் ஏறி அதை மூடுங்கள் என்றார். இரவில் பிரித்துவிடலாம், மறுநாள் மறுபடி மூடலாம்.

நான் அக்காவுக்காக வேண்டிக்கொண்டேன், சரி என்று சொல்லிவிடட்டும் என்று.

“அது முடிஞ்சிருச்சு சார்” என்றார் அக்கா தமிழில். பிறகு ஆங்கிலத்தில், இன்னொரு முறை செய்ய எனக்கு இன்னொரு அம்மா இல்லை என்றார்.

சரி, வலையை மட்டுமாவது அனுப்புங்கள் என்றார் அவர்.

“தம்பி கருமாதி முடிஞ்சதும் கடலுக்குப் போவணும். அவன்கிட்ட வல இல்ல.”

அன்று மதியமே கம்பங்களைப் பிடுங்கினோம். ஸ்பானர் என்னிடம் இருந்ததால் வலையை நான்தான் இறக்கினேன்.

இப்போதைய நிலை

கண்காட்சி அக்கா இல்லாமல் நடந்து முடிந்துவிட்டது. அந்தக் கூடம் வேறு ஒருவருக்குப் போனது. வெளியிலிருந்து வேறு அழைப்பு இதுவரை வரவில்லை. வலை அக்காவின் தம்பியின் படகில் இருக்கிறது, தினமும் கடலுக்குப் போய்வருகிறது. அக்கா கிடங்கில் புதிதாக ஏதோ தொடங்கியிருக்கிறார். நான் பகலில் ஒப்பந்தக்காரரிடமும் மாலையில் கிடங்கிலும் வேலை பார்க்கிறேன். அக்கா இதுவரை செய்ததில் மிகப் பெரிய வேலையைப் பார்த்தவர்கள் ஒரு தெருவில் அடங்கிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர், அன்று ஒரு பெண் தன் அப்பாவின் வலையைப் பின்னினாள் என்றுதான் சொல்கிறார்கள்.